வேட்டுக்குப் பாசி பிடிக்குமா

கொத்தனார் கரண்டி பிடிப்பது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அதற்கு இப்போது செல்போனுக்குள்ளேயே ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கலவை போடுவது, பட்டி பார்ப்பது, ஒழுகும் குழாயை அடைப்பது என்று எல்லாவற்றையும் பின்னால் பாட்டுப் போட்டுச் சொல்லித்தருகிறார்கள். என் மூத்த மருமகன் அதைப் பார்த்துத்தான் போன மாதம் பாத்ரூம் குழாயைக் கழற்றினார். திரும்ப மாட்டுவதற்கு என்னைக் கூப்பிட்டார்.

முட்டி தேய்ந்துபோய் நான் வேலையை விட்டுவிட்டேன். செந்துறையில் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து அரியலூர் போய், அங்கிருந்து வேலை எங்கே இருக்கிறதோ அங்கே போவது என்று முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. பெரம்பலூர் டவுன், அரும்பாவூர், ரஞ்சன்குடி என்று நான் ஏணி சாத்தாத ஊர் இந்த இரண்டு மாவட்டத்திலும் கம்மி. எல்லாம் பழுது வேலை. புது வீடு கட்டுகிற மேஸ்திரிக்குக் கிரகப்பிரவேசத்தன்று வேட்டி, துண்டு வைத்துக் கொடுப்பார்கள். நமக்கு "இன்னும் எத்தன நாளு இழுப்பீங்க" என்கிற கேள்விதான். அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. எனக்கிருக்கிற வருத்தம் வேறு.

கட்டடத் தொழிலாளர் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய வேலைகளைத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன். நாலைந்து தேறியது. படித்துப் பார்த்தேன், எனக்கே கொட்டாவி வந்தது. கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நம்மைக் கூப்பிடுகிற வீட்டுக்காரர் நோய் இன்னதென்று தானே முடிவு செய்து, மருந்தையும் தானே எழுதி வைத்துக்கொண்டுதான் போன் போடுவார். பெரம்பலூரில் ஒரு வாத்தியார் வீடு. ஹால் சுவரில் பெயிண்ட் உரிகிறது, இந்தத் தடவை நல்ல பெயிண்டாகப் பார்த்து அடிக்க வேண்டும் என்றார். ஏற்கெனவே இரண்டு தடவை அடித்தாயிற்றாம். பெயிண்டைத் திட்டினார், பெயிண்டரைத் திட்டினார், பெரம்பலூர் வெயிலைத் திட்டினார். நான் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். பாத்ரூம் குழாயின் அடியில் வாஷர் தேய்ந்து, சொட்டுச் சொட்டாகச் சுவருக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மாற்றிக் கொடுத்தேன். வாத்தியாருக்கு என்மேல்தான் கோபம், இத்தனை நாள் திட்டியதெல்லாம் வீணாகப் போய்விட்டதே என்று.

அந்த வீட்டில் நான் சுவரின் மறுபக்கம் போய்ப் பார்த்தேன். போகாமல் விட்ட வீடு ஒன்று இருக்கிறது.

அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் தோண்டுகிற பள்ளத்தை ஒட்டி ஓர் ஊர். பேர் வேண்டாம். மத்தியானத்தில் சங்கு ஊதுவார்கள், கொஞ்ச நேரத்தில் பாறைக்கு வெடி வைப்பார்கள். தரை ஒரு குலுக்குக் குலுங்கி நிற்கும், அலமாரியில் பாத்திரம் சத்தம் போடும். அதை அங்கே வேட்டு என்பார்கள். வேட்டினால் விரிசல் விட்ட வீடுகள் அந்தப் பக்கம் நிஜமாகவே உண்டு. நானே எத்தனையோ வீடுகளில் கொத்திப் பூசியிருக்கிறேன். ஆனால் போகப்போக அந்த ஊரில் எதற்கெடுத்தாலும் வேட்டுதான் காரணம் என்று ஆகிவிட்டது. கதவு இறுக்கினால் வேட்டு, குழாய் ஒழுகினால் வேட்டு, பசு கன்று போட நாள் கடந்தால் அதற்கும் வேட்டு. சொல்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தினமும் வீடு குலுங்கினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அந்த ஊரில் செல்வராசு என்று ஒரு விவசாயி. கொஞ்சம் முந்திரி, கொஞ்சம் பருத்தி. அவருடைய மனைவி மல்லிகா. ஒரே மகள் சத்யா. அவளை அரும்பாவூரில் கொடுத்திருந்தார்கள். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்து, பின்பக்கத்து அறையை அவளுக்கென்று ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். அந்த அறையின் தளத்திலிருந்து கட்டில்மேல் காரை உதிர்கிறது, வந்து பூசிக் கொடுங்கள் என்று செல்வராசு போன் போட்டார்.

நானும் என்னோடு வேலை செய்த சித்தாளும் போனோம். அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவரும் செந்துறைதான். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பதினாறு வருஷம் என்னோடு கலவை சுமந்தார். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கூடையைக் கீழே வைப்பதற்கு முன்னால் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். எங்கே தண்ணீர் நிற்கிறது, எங்கே எறும்பு ஊர்கிறது, எந்தச் சுவர் சில்லென்று இருக்கிறது என்று கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே வருவார். தொழிலில் எனக்குக் குரு என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் அவரைத்தான் சொல்வேன். ஆனால் வீட்டுக்காரர்கள் முன்னால் நான் மேஸ்திரி, அவர் சித்தாள். இதை எழுதப்போகிறேன் என்று ஓர் ஆளிடம் சொல்லி அனுப்பினேன். "எம்பேரப் போடக் கூடாது" என்று மட்டும் பதில் வந்தது.

அறைக்குள் போய் அண்ணாந்து பார்த்தேன். தளத்தின் குறுக்கே நூல் பிடித்துப் போட்டாற்போல நேராக ஒரு விரிசல். ஒரு சாண் தள்ளி அதே மாதிரி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். வேட்டு விரிசல் நேராகப் போகாது. ஜன்னல் மூலையில் ஆரம்பித்துச் சரிந்து ஏறும். தளத்தில் நேர்கோடாக ஓடினால் உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்து உப்புகிறது, உப்பி உப்பிக் கீழே இருக்கிற காங்கிரீட்டைத் தள்ளுகிறது என்று அர்த்தம். வெள்ளையாகப் பூப்பது, தண்ணீர் இறங்கிக் காய்ந்த உப்பு. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். ஆனால் அப்போது மழை பெய்தே மாதக்கணக்கில் ஆகியிருந்தது. வாசலில் கல் லாரிகள் போய்வந்து, அந்தத் தெருவில் செடி கொடி எல்லாம் வெள்ளையாக இருந்தது. இது வெறும் லாரிப் புழுதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"வேட்டுதாங்க மேஸ்திரி" என்றார் செல்வராசு. "போன வாரம் ஒண்ணு போட்டான் பாருங்க, மறுநாளே உதிர ஆரம்பிச்சிடுச்சு."

"கொத்தி எடுத்துட்டுப் பாத்தாதாங்க தெரியும்" என்றேன்.

அதற்குள் மல்லிகா கதவுக்கிட்டே வந்துவிட்டார். "கொத்துறதெல்லாம் வேணாங்க. புள்ளத்தாச்சி இருக்குற வூடு. இடிக்கக் கூடாது, ஆணி கூட அடிக்கக் கூடாது. மேலாக்க பூசி மட்டும் வுடுங்க. கொழந்த பொறந்து பேரு வச்சதுக்கு அப்பறம் வாங்க, என்ன வேணா இடிச்சுக்குங்க."

நம் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். என் மனைவி மாசமாக இருந்தபோது நான் என் வீட்டில் ஒரு செங்கல்லைப் பெயர்த்ததில்லை. அந்த அம்மாவைப் பார்த்து, வழக்கமெல்லாம் சும்மா என்று சொல்ல எனக்கு வாய் வராது. இன்றைக்கும் வராது. சத்யா அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, நிற்கவே சிரமப்பட்டாள்.

அக்கா தண்ணீர் எடுக்க மாடிக்குப் போயிருந்தார். வாளியோடு இறங்கி வந்தவர் என்னை வெளியே கூப்பிட்டார்.

"மேஸ்திரி, மேல டேங்குக்கு அடியில தண்ணி நிக்குது. மோட்டாரப் போட்டுட்டு மறந்துடுவாங்க போலருக்கு, நெறஞ்சு வழிஞ்சு தளத்துலயே தேங்குது. பாசி புடிச்சிக் கெடக்கு, காலு வழுக்குது."

"அதுக்கு என்னக்கா இப்ப?"

"இந்த ரூமுக்கு நேரா மேலதான் அந்த எடம். வேட்டுக்குப் பாசி புடிக்குமா?"

"நீங்க கலவையப் போடுங்கக்கா" என்றேன். "பேச்ச வளத்தா இன்னிக்குள்ள முடிக்க முடியாது."

சொன்ன தொனி எனக்கு இன்னமும் காதில் இருக்கிறது. மறுநாள் பெரம்பலூரில் ஒரு வேலைக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். அது ஒன்று. சித்தாள் சொல்லி மேஸ்திரி கேட்டார் என்று செல்வராசு நினைத்துவிடக் கூடாது, அது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரியது. இத்தனை வருஷம் கழித்து இதில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

தளத்தைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். இடிக்க வேண்டியதில்லை, சும்மா தட்டினாலே போதும். கெட்டியாக இருந்தால் ஒரு சத்தம், உள்ளே பெயர்ந்திருந்தால் வேறு சத்தம். நான் தட்டவில்லை. தட்டினால் தெரிந்துவிடும், தெரிந்தபிறகு பூசிவிட்டுப் போக முடியாது. அதனால் தட்டவில்லை.

மேலாக்கப் பூசினேன். பட்டி வைத்துத் தேய்த்து, வெள்ளையும் அடித்தேன். தளத்தின் நடுவில் தூளி கட்டுவதற்கென்று ஓர் இரும்புக் கொக்கி இருந்தது. "அதச் சுத்தி நல்லா கெட்டியா பூசுங்க, பேரப்புள்ளைக்குத் தூளி கட்டணும்" என்று மல்லிகா சிரித்துக்கொண்டே சொன்னார். கெட்டியாகப் பூசினேன். வேலை முடிந்தபோது அறை புதிது மாதிரி இருந்தது. சத்யா வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "இனிமே நிம்மதியா படுக்கலாம்" என்றாள். காரை உதிர்ந்த நாட்களில் பயந்து சுவரோரமாக ஒதுக்கிப் போட்டிருந்த கட்டிலை மறுபடியும் நடுவில் இழுத்துப் போட்டார்கள். நான்தான் ஒரு பக்கம் பிடித்தேன்.

யாரிடமும் இந்தக் கதையைச் சொல்லாமல் மனசுக்குள்ளேயே வாதாடியிருக்கிறேன். இடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரம்மாவே சொல்லிவிட்டார், நான் என்ன செய்ய முடியும் என்று. செய்ய முடியும். "இடிக்க வேணாம்மா, வழக்கத்த மீற வேணாம். ஆனா யாரும் இந்த ரூமுக்குள்ள படுக்காதீங்க, கொழந்த பொறந்தப்பறம் வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு, பூசாமல் வந்திருக்கலாம். விரிசல் கண்ணுக்குத் தெரிந்தவரைக்கும் அவர்களுக்குப் பயம் இருந்தது. அந்தப் பயம்தான் கட்டிலைச் சுவரோரம் தள்ளி வைத்திருந்தது. நான் பூசியது அந்தப் பயத்தின்மேல். பெயர்ந்து தொங்கிக்கொண்டிருந்த காங்கிரீட்டுக்கு என் பூச்சின் பாரம் வேறு.

சத்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, பதினாறாம் நாள் பேர் வைத்து, அன்றைக்கே தூளியும் போட்டார்கள். அதற்கப்புறம் சில நாள் கழித்து ஒரு மத்தியானம். சத்யா கொல்லையில் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அழுக்குத் தூளியை அவிழ்த்துவிட்டு, துவைத்த புடவையைக் கொக்கியில் கட்டிக்கொண்டிருந்தார் மல்லிகா. கட்டிவிட்டு, பலமாக இருக்கிறதா என்று எல்லாரும் செய்வதுபோல ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். அதற்கு ஐந்து நிமிஷம் முன்னால்தான் வேட்டுச் சத்தம் கேட்டிருந்தது. தளத்தின் அடிப்பக்கம் ஒரு கதவு அகலத்துக்குப் பெயர்ந்து அவருடைய முதுகில் விழுந்தது.

நான் அப்போது ரஞ்சன்குடியில் ஒரு வீட்டில் கழிவுக்குழாய் மாற்றிக்கொண்டிருந்தேன். செல்வராசுவின் தம்பி போன் செய்தார். போட்டது போட்டபடி திருச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். முதுகெலும்பில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, இனிமேல் நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வராந்தாவில் உட்கார்ந்திருந்த செல்வராசு என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நீங்க நல்லாத்தான் மேஸ்திரி பூசினீங்க. அந்த வேட்டு போட்டுதான் எல்லாம் போச்சு."



ஊர் கொதித்துப் போயிருந்தது. மனு கொடுத்தார்கள், ரோட்டில் உட்கார்ந்தார்கள். கலெக்டர் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். பூசிய ஆள் என்று என்னையும் வரச்சொன்னார்கள். அக்காவும் கூட வந்தார். அறைக்குள்ளும் வாசலிலும் ஊரே நின்றது. பெயர்ந்த இடத்தில் கம்பி எல்லாம் செக்கச்செவேலென்று துருவாகத் தெரிந்தது. வந்தவர்களில் வயது குறைந்தவர் விவரமானவர். அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"கம்பி இவ்ளோ துரு ஏறியிருக்கே? எதனால விழுந்துதுன்னு நெனைக்கிறீங்க?"

தண்ணீர் என்று சொன்னால், துருப்பிடித்த தளத்தைத் தட்டிக்கூடப் பார்க்காமல் பூசியது யார் என்ற கேள்வி அடுத்த நிமிஷமே வரும். நிஜமாகவே வேட்டினால் விரிசல் விட்ட வீட்டுக்காரர்களும் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள். நான் எதிராகச் சொன்னால் அவர்கள் பேச்சையும் யாரும் கேட்க மாட்டார்கள். இதை எனக்குச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

"வேட்டு அதிர்ச்சியில விரிசல் வுட்டு, அது வழியா காத்து பட்டுத் துரு புடிச்சிருக்குங்க சார்" என்றேன்.

பொய்யையும் தொழில் தெரிந்தவன் சொன்னால் அதற்கு ஒரு கனம் வந்துவிடுகிறது. என் முப்பது வருஷ அனுபவத்தை அன்றைக்கு அதற்குத்தான் பயன்படுத்தினேன். அவர் எழுதிக்கொண்டார். பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பார்த்தார்களா என்று தெரியாது. வேட்டு மறுநாளும் போட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்காரவில்லை. முன்னால் போய் உட்கார்ந்தார். செந்துறையில் இறங்கியபிறகு கிட்டே வந்து, "அந்த வூட்டு டேங்கு இன்னும் வழிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு மேஸ்திரி" என்றார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்கு அவர் வரவில்லை. ஜெயங்கொண்டம் பக்கம் வேறு ஒரு மேஸ்திரியிடம் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். நான் போய்க் கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது?

மூன்று வருஷம் நான் அந்த ஊர்ப் பக்கம் போகவில்லை. அங்கிருந்து வேலைக்குக் கூப்பிட்டால் முட்டி வலி என்பேன். அப்போது முட்டி நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் நிஜமாகவே வந்துவிட்டது. என் சின்ன மகளுக்குக் கல்யாணம் வைத்தபோது, அந்த ஊரில் இருக்கிற ஒரு சொந்தக்காரருக்குப் பத்திரிகை வைக்க வேண்டியிருந்தது. செல்வராசு வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு வண்டியை ஓட்டினேன். அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டார்.

"மேஸ்திரி, எங்க வூட்டுக்குப் பத்திரிக இல்லையா?"

உள்ளே போனேன். ஹாலில் நடுவில் கட்டில் போட்டு மல்லிகாவைப் படுக்க வைத்திருந்தார்கள். பின்பக்கத்து அறையைப் பூட்டிவிட்டார்களாம். ஆள் பாதியாக இளைத்திருந்தார். ஆனால் பேச்சு அதே மாதிரிதான். மாப்பிள்ளை என்ன செய்கிறார், எந்த ஊர் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். மோர் கொடுக்கச் சொன்னார். "சத்யா மக பேசுற பேச்ச நீங்க கேக்கணுமே" என்று போனில் வீடியோவைப் போட்டுக் காட்டினார். போனை வாங்கும்போது தற்செயலாக அண்ணாந்து பார்த்தேன்.

கட்டிலுக்கு நேர் மேலே நூல் பிடித்தாற்போல நேராக ஒரு விரிசல். ஓரமெல்லாம் பழுப்புக் கறை. மாடியில் மோட்டார்த் தண்ணீர் நிறைந்து வழிந்து தளத்தில் விழுகிற சத்தம் கேட்டது.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு செல்வராசு சொன்னார். "இங்கயும் வேட்டு வுடலைங்க. பூசிடலாம்னு எல்லாரும் சொல்றாங்க. நாந்தான் கை வைக்க வேணாம்னுட்டேன். மனு குடுத்துருக்கேன். நீங்க அன்னிக்கு அவங்க முன்னால சொன்னீங்களே, வேட்டுன்னு, அதையும் எழுதித்தான் குடுத்துருக்கேன். அவங்க வந்து கண்ணால பாக்குற வரைக்கும் இது இப்படியே இருக்கணும்."

தம்பிமார்களே, நான் சொன்ன பொய் அன்றைக்கே முடிந்துபோய்விட்டது என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது முடியவில்லை. நடக்க முடியாத, நகர முடியாத ஒரு மனுஷிக்கு மேலே அது காத்துக்கொண்டிருந்தது. அதைத் தொடக் கூடாது என்று அவருடைய புருஷனே காவல் நின்றார், என் வார்த்தையை நம்பி. பழுது எதனால் வந்தது என்று நாம் சொல்வது வீட்டுக்காரரைத் திருப்திப்படுத்துவதற்கு இல்லை. அவர்கள் நாம் சொன்ன காரணத்துக்குத்தான் வைத்தியம் பார்ப்பார்கள். காரணம் தப்பு என்றால், நிஜமான பழுது ஒரு தொந்தரவும் இல்லாமல் வளரும். இதை உங்களுக்குச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். ஆனால் அன்றைக்கு அந்த ஹாலில் இப்படியெல்லாம் எனக்கு யோசிக்க வரவில்லை.

"இது வேட்டு இல்லீங்க" என்றேன்.

"என்னது?"

"தண்ணி. மேல டேங்கு வழியுற தண்ணி, தளத்துல பரவி இது வரைக்கும் வந்துடுச்சு. அந்த ரூம்லயும் அதான். எனக்கு அன்னிக்கே தெரியும். கூட வந்த அக்கா சொல்லுச்சு, நான் கேக்கல. அப்பறம் அவங்க வந்து கேட்டப்பவும் மாத்திச் சொல்லிட்டேன்."

செல்வராசு கையில் மோர்ச் சொம்பு இருந்தது. அதை மெதுவாக ஜன்னல் கட்டையில் வைத்தார். அப்புறம், "மூணு வருசமா நான் ஆபீஸ் ஆபீஸா அலையிறேங்க" என்றார். சத்தம் போடவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார், "மோட்டார நிறுத்தியிருந்தா போதுமா மேஸ்திரி? அவ்ளோதானா?"

"மொதல்ல கட்டில வெளியில போடுவோம்" என்றேன்.

இரண்டு பேரும் கட்டிலோடு மல்லிகாவைத் தூக்கி வாசலில் புங்கமரத்து நிழலில் வைத்தோம். நான் மோட்டாரை நிறுத்திவிட்டு, அந்த வீட்டுச் சுத்தியலையும் உளியையுமே வாங்கி, ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினேன். ஓரமாக நின்றுகொண்டு தட்டினேன். முதல் தட்டிலேயே டொப்பென்று வெறும் சத்தம். இன்னும் கொஞ்சம் தள்ளித் தட்டினேன், அங்கேயும் அதேதான். விரிசலில் உளியை வைத்து நாலு அடி அடித்தேன். ஒரு பெரிய பாளமாகப் பெயர்ந்து, கட்டில் இருந்த இடத்தில் விழுந்தது. உள்ளே கம்பி இற்றுப்போய், கையால் தொட்டால் உதிர்ந்தது.

புழுதி அடங்கியதும் வெளியே வந்தேன். தலை, மீசை, சட்டை எல்லாம் காரை. செல்வராசு கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார். மல்லிகா திறந்த கதவு வழியாக உள்ளே கிடந்த பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வுழ வேண்டியதெல்லாம் வுழுந்துடுச்சுங்க" என்றேன். "மிச்சத்தையும் கொத்தி எடுத்துட்டு, டேங்க வேற எடத்துக்கு மாத்திட்டு, நானே வந்து செஞ்சு குடுத்துடுறேன்."

மல்லிகா என் பக்கம் திரும்பினார்.

"தட்டிப் பாக்க எவ்ளோ நேரம் புடிச்சுதுங்க மேஸ்திரி?" என்று கேட்டார்.

"பத்து நிமிசம் இருக்கும்."

"பத்து நிமிசந்தானா" என்றார்.

அதற்குமேல் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மேஸ்திரிக்குக் கை கழுவத் தண்ணி எடுத்துக் குடுங்க" என்று புருஷனிடம் சொன்னார். செல்வராசு எழுந்திருக்கவில்லை. நான் புழுதிக் கையோடு அங்கேயே நின்றேன்.